துயரத்தில் இருக்கும் அம்மாவுக்கு நாய்க்குட்டி வாங்கிக் கொடுக்கலாமா?

உங்கள் அப்பா காலமாகி 7 மாதங்கள் ஆகின்றன. 66 வயதாகும் அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். பகல் முழுவதும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு வேளை சமைத்ததையே மூன்று வேளையும் சாப்பிடுகிறார், தொலைபேசியில் ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பதற்கு மேல் பேசுவதில்லை. வேலையின் காரணமாகத் தொலைவில் வாழும் நீங்கள், அவருடைய பிறந்த நாளன்று முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் அவர் துக்கத்திலிருந்து மீள்வாரா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘தன்னையே பார்த்துக்கொள்ளாதவர் நாயை எப்படிப் பார்த்துக்கொள்வார்’ என்று உங்கள் தம்பி தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. நாயின் துணை துயரத்தைத் தணிக்குமா என்பது ஒன்று. நீங்கள் பக்கத்தில் இல்லாத குறையை ஒரு நாய் ஈடுகட்டுமா என்பது மற்றொன்று. இதை நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியிலும் அது தெரிகிறது. முதல் கேள்விக்கு என் பதில்: பல நேரங்களில் தணிக்கும், ஆனால் பலரும் எண்ணிக்கொண்டிருக்கும் வழியில் தணிப்பதில்லை. இரண்டாவது கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான்.

நான் ஓர் உளவியல் ஆலோசகர். நெருங்கியவர்களைப் பறிகொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதே 19 ஆண்டுகளாக என் வேலை. கால்நடை மருத்துவம் படித்தவர் அல்லேன். நாய்களைப் பற்றி நான் சொல்பவற்றில் பாதி, நாய் வளர்க்கும் என் வாடிக்கையாளர்களிடமிருந்து கற்றவை, மீதி வீட்டில் இரண்டு நாய்களை வளர்த்துக் கற்றவை. உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். கீழே குறிப்பிடும் மனிதர்களை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

துயரத்தைப் பற்றிப் பரவலாகப் புழங்கும் ஒரு கருத்து உண்டு: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள், அவற்றை வரிசையாக ஏறி முடித்தால் துக்கம் தீர்ந்துவிடும் என்பது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969இல் இந்த ஐந்தையும் எழுதியபோது அவர் முன்னால் இருந்தவர்கள், தாங்களே சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்த நோயாளிகள். அவர்கள் போன பிறகு வீட்டில் எஞ்சியிருப்பவர்களுக்கு அந்த வரிசை பொருந்தும் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. என் அனுபவத்துக்கு நெருக்கமாக இருப்பது வேறொரு விளக்கம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட் ஆகிய இருவரும் 1999இல் முன்வைத்தது அது. துயரப்படுபவரின் மனம் இரண்டு பக்கங்களுக்கு இடையே ஊசலாடுகிறது என்கிறார்கள்: ஒரு பக்கம் இழப்பு, அதாவது அழுவது, நினைப்பது, பழைய புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பது, மறுபக்கம் வாழ்க்கை, அதாவது வங்கிக்குப் போவது, குழாயைச் சரிசெய்வது, அவர் செய்துவந்த வேலைகளைத் தானே செய்யப் பழகுவது. இந்த ஊசல் ஆடிக்கொண்டிருக்கும்வரை பெரும்பாலோர் தாமாகவே தேறிவருகிறார்கள். ஏதோ ஒரு பக்கத்தில் அது நின்றுவிட்டால்தான் சிக்கல். நாற்காலியை விட்டு எழாத உங்கள் அம்மாவிடம் அது இழப்பின் பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டதோ என்று, நீங்கள் எழுதியிருப்பதை வைத்து, ஐயப்படுகிறேன்.

நாய் எங்கே வேலை செய்கிறது என்பதற்கு என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவரைச் சொல்கிறேன். 70 வயதைக் கடந்தவர். மனைவி இறந்த பிறகு காலை 10 மணி, 11 மணிவரை கண்களைத் திறந்தபடியே படுத்திருப்பார். வீடு மாறிப்போன உறவினர் ஒருவருக்கு நாயை உடன் கொண்டுபோக முடியவில்லை. நான்கு வயதான, கொஞ்சம் பருத்த, பழுப்பு நிற நாய். இவர் வேண்டாவெறுப்பாகத்தான் வைத்துக்கொண்டார். காலை 6 மணிக்கு அது கட்டிலின் விளிம்பில் தாடையை வைத்து ஒரு பெருமூச்சு விடுமாம். கை அசையாவிட்டால் ஈர மூக்கு மணிக்கட்டில் படும். அதற்கும் எழாவிட்டால் ஒரு முன்னங்கால் மெத்தைமேல் ஏறும். ‘அதற்கு வெளியே போக வேண்டும், நான் எழுந்தால்தானே போக முடியும்’ என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் என்னிடம் சொன்னார். எழுந்துவிட்டதால் பல் தேய்த்தார். தெருவில் இறங்க வேண்டியிருந்ததால் சட்டையை மாற்றினார். திரும்பி வந்தபோது பசித்தது. மூன்றாவது மாதத்தில் என் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன்: இன்று சட்டையின் எல்லாப் பொத்தான்களும் சரியாகப் போடப்பட்டிருந்தன. மாலையில், மனைவி வேலையிலிருந்து திரும்பும் அந்தப் பழைய நேரத்தில், அவர் அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தார். துயரம் போய்விடவில்லை. ஊசல் மட்டும் மறுபடி அசையத் தொடங்கியிருந்தது.

மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில், மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல், செய்யத் தொடங்கினால் மனம் பின்னால் வந்து சேரும் என்ற அடிப்படையில் சின்னச் சின்ன வேலைகளை நாளுக்குள் திரும்பக் கொண்டுவரும் முறை ஒன்று இருக்கிறது. நன்றாக ஆராயப்பட்ட, பலன் நிரூபிக்கப்பட்ட முறை. நாங்கள் அதை அட்டவணை போட்டு, வாரம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துச் செய்விக்கிறோம். அந்த நாய் அதே வேலையை அட்டவணை இல்லாமல், ஒரு நாளும் தவறாமல் செய்தது. அதனிடம் சாக்கு சொல்லவும் முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்றை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். துணையை இழந்தவர் தன்னை நேசித்தவரை இழக்கிறார் என்பதை எல்லோரும் அறிவார்கள். தன்னை நம்பியிருந்தவரையும் இழக்கிறார் என்பது பலர் கண்ணில் படுவதில்லை. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்க, மாத்திரை போட்டாயா என்று கேட்கப்பட, அந்த வீட்டில் ஒருவர் இருந்தார். நீண்ட நாள் நோயில் கிடந்து இறந்தவர் என்றால், பார்த்துக்கொண்டவரின் கைகளுக்கு ஒரே நாளில் வேலை இல்லாமல் போகிறது. அதன் பிறகு வருகிற ஒவ்வொருவரும் அவருக்கு ஏதாவது கொடுக்கவே வருகிறார்கள்: உணவு, ஆறுதல், அறிவுரை. அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. நாய் கேட்கிறது. தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருக்கிறது, கதவு மூடியிருக்கிறது, காதில் ஏதோ அரிக்கிறது என்று நாளுக்கு இருபது முறை கேட்கிறது. நாய் தரும் ஆறுதலைவிட, நாய் கேட்கும் கவனிப்புதான் பலரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்பது என் முடிவு. இது ஆய்வகத்தில் அளந்து சொன்னதன்று, என் அறையில் கண்டது.

சற்றே விலகிச் செல்கிறேன். ஜெர்மனியின் பான் நகரை ஒட்டிய ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914இல் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் குழியில் ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. பின்னாளில் அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அந்தக் குட்டிக்கு டிஸ்டெம்பர் என்ற கொடிய தொற்று வந்திருந்தது, ஏறத்தாழ ஏழு மாத வயதில் இறக்கும்வரை பல வாரங்கள் அது நோயோடு உயிர்வாழ்ந்தது, யாரோ சூடாக வைத்துத் தண்ணீரும் உணவும் கொடுக்காமல் அது நடந்திருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோய்க்குட்டியை ஒருவர் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறார். நாய் நமக்கு என்ன செய்யும் என்ற கேள்வியோடு வருபவர்களிடம் இந்தக் குட்டியைப் பற்றிச் சொல்வது என் வழக்கம்.

ஆறுதல் என்பது பொய் என்றும் நான் சொல்லவில்லை. அதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு ஊகம் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது இருவரின் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடியது. தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பில் பங்கு வகிக்கும் அதே ஹார்மோன். மனிதர்கள் வளர்த்த ஓநாய்களிடம் இது காணப்படவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை 10 நிமிடம் நாய்களையும் பூனைகளையும் தடவிக்கொடுக்க விட்டபோது, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் குறைந்தது என்று 2019இல் காட்டினார்கள். லண்டனில் 2012இல் 18 நாய்களை வைத்து நடந்த சோதனையில், முணுமுணுத்துப் பாடுபவரைவிட அழுபவரை நோக்கியே அவற்றில் பெரும்பாலானவை போயின. அழுபவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் போயின. இவ்வளவும் அளந்து பார்த்தவை. ஆனால் அந்த நாய்கள் துக்கத்தைப் புரிந்துகொண்டு போயினவா, அல்லது அந்த ஒலி அவற்றையும் கலக்கியதால் போயினவா என்பதை அந்தச் சோதனை தீர்க்கவில்லை. அதைச் செய்தவர்களே அவ்வாறுதான் எழுதினார்கள். 10 நிமிட அமைதி 7 மாதத் துயரத்தை என்ன செய்யும் என்பதும் மாணவர்களிடம் நடந்த ஆய்விலிருந்து பெற முடியாத பதில்.

நாய் வளர்ப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்ற செய்தியையும் நீங்கள் மேற்கோள் காட்டியிருந்தீர்கள். அதன் வேர் 1980இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு: இதய நோயோடு மருத்துவமனைக்கு வந்து வீடு திரும்பிய 92 பேரில், வளர்ப்புப் பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேரும், வைத்திராத 39 பேரில் 11 பேரும் ஓராண்டுக்குள் இறந்திருந்தார்கள். கவனத்தை ஈர்க்கும் எண்கள்தான், ஆனால் சிறு குழு. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே திசையில் போகவில்லை. சுவீடனில் 34 லட்சம் பேரின் பதிவேடுகளை அலசிய 2017ஆம் ஆண்டு ஆய்வு, தனியாக வாழ்பவர்களில் நாய் வைத்திருந்தோரிடம் இறப்பு அபாயம் 33 விழுக்காடு குறைவாக இருந்ததைக் கண்டது. இங்கேயும் ஒரு முடிச்சு உண்டு: நடக்கத் தெம்புள்ளவர்களே நாய் வளர்க்க முன்வருகிறார்கள் என்றால், நாய் ஆரோக்கியத்தைத் தந்ததா, ஆரோக்கியம் நாயைக் கொண்டுவந்ததா? இந்த எண்களை நம்பி யாருக்கும் நாய் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஆய்வுகளைவிட உறுதியாக நான் சொல்லக்கூடிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. துயரத்தில் இருப்பவர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டும்: அன்று இரவு எத்தனை மணிக்கு மூச்சுத் திணறியது, மருத்துவர் என்ன சொன்னார், ஒரு மணி நேரம் முன்னதாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும். நான்காவது முறை கேட்கும்போது பிள்ளைகளே பேச்சை மாற்றுகிறார்கள். அது மனித இயல்பு. நாய்க்கு அது நூறாவது முறை என்பது தெரியாது. அடுத்தது, மனிதர்கள். இறப்பு நடந்த வீட்டுக்காரரைத் தெருவில் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் பலர் ஒதுங்கிப் போகிறார்கள், அவரும் அந்தப் பார்வைக்குப் பயந்து வெளியே வருவதில்லை. கையில் நாய் இருந்தால் பேச்சு நாயிலிருந்து தொடங்குகிறது: என்ன வயது, கடிக்குமா, பெயர் என்ன. நாயோடு நடப்பவரிடம் அந்நியர்கள் கூடுதலாகப் பேசுகிறார்கள் என்பதை 2000இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவர் சோதித்தும் காட்டினார்கள். கணவரைப் பற்றிக் கேட்காத ஒரு பேச்சு எவ்வளவு இளைப்பாறுதல் என்பதை, அதை இழந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இனி, நான் செய்த தவறு ஒன்று. இந்த வேலையில் நான் இறங்கி நான்கைந்து ஆண்டுகள் இருக்கும். கணவரை இழந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண்மணியின் மகள், நீங்கள் கேட்டதையே கேட்டார். நல்ல யோசனை என்று நான் தலையாட்டிவிட்டேன். அம்மாவிடம் கேட்டீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை. பத்து வாரக் குட்டி ஒன்று ரிப்பன் கட்டிய கூடையில் போய் இறங்கியது. இரவில் இரண்டு மணிக்கொருமுறை அழுதது, நாற்காலிக் காலைக் கடித்தது, கணவரின் செருப்பு ஒன்று வாசலருகே அவர் விட்டபடியே இருந்தது, அதையும் கடித்துக் குதறியது. அந்தச் செருப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்றாவது வாரம் குட்டியை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். ‘ஒரு குட்டியைக்கூட என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை’ என்று அந்த அம்மா பிறகு பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். துயரத்தின் மேல் குற்றவுணர்ச்சியையும் ஏற்றிவைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற திட்டத்தைக் கைவிடுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் இந்த ஒரு பகுதியில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. வாழ்க்கையின் மிகப் பெரிய மாற்றம் அவரைக் கேட்காமல் நடந்தது. அடுத்த மாற்றமும் கேட்காமல் நடக்கக் கூடாது.

குட்டி என்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. அதன் பிறகும் 16 வார வயதுவரை தவணை தவணையாகத் தடுப்பூசிகள், சில மாதங்களுக்கு இரவுகளில் விழிப்பு, கடிக்கும் பருவம் என்று நீளும். தூக்கமே ஏற்கெனவே குலைந்திருக்கும் ஒருவருக்கு இது பொருந்தாது. நான்கு, ஐந்து வயதைத் தாண்டிய, குணம் இன்னதென்று தெரிந்த, சங்கிலியை இழுக்காமல் நடக்கப் பழகிய நாய் ஒன்று பெரும்பாலும் ஏற்றதாக இருக்கும். காப்பகங்களில் அப்படிப்பட்ட நாய்கள் வீடு கிடைக்காமல் காத்திருப்பது வழக்கமான காட்சி. வலிமையான இளம் நாய் சட்டென்று இழுத்ததில் விழுந்து இடுப்பையோ மணிக்கட்டையோ முறித்துக்கொண்ட முதியவர்கள் பலர் உண்டு. உங்கள் அம்மாவின் எலும்பு, மூட்டு, பார்வை எப்படி இருக்கின்றன என்பதை அவருடைய மருத்துவரிடமும், எந்த வகை நாய் என்பதைக் கால்நடை மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாயின் பக்கத்தையும் பேச வேண்டும், ஏனென்றால் அதற்காகப் பேச இங்கே வேறு யாரும் இல்லை. சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்த்தவர்களின் முடியையும் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். நீண்டகால மன அழுத்தத்தின் அளவு இருவரிடமும் இணைந்தே ஏறி இறங்கியது. இரண்டே இனங்களைச் சேர்ந்த நாய்கள், ஒரே நாடு என்பதால் எல்லா நாய்களுக்கும் இதை நீட்டிவிடக் கூடாது. இருந்தாலும் துயரத்தில் மூழ்கிய வீட்டில் வாழும் நாய் அதை உணராமல் இருக்காது என்பதை நாய் வளர்ப்பவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். புது வீட்டில் நாய் அமைதியாவதற்கு மூன்று நாள், பழகுவதற்கு மூன்று வாரம், தன் வீடு என்று நம்புவதற்கு மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆய்வு முடிவாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் முதல் வாரத்தில் நாய் கட்டிலடியில் பதுங்கிக் கிடப்பதைப் பார்த்து ‘என்னை இதற்குப் பிடிக்கவில்லை’ என்று அம்மா முடிவுகட்டிவிடாமல் இருக்க அது உதவும்.

உங்கள் தம்பி சொல்வதற்கு வருகிறேன். தன்னைப் பார்த்துக்கொள்ளாதவர் நாயைப் பார்த்துக்கொள்ள மாட்டார் என்பது பொதுவிதியாகத் தவறு. தனக்காகச் சமைக்காத பலர் நாய்க்காக அடுப்பைப் பற்றவைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவருடைய அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது. சில நிலைகளில் நாய் மருந்தாகாது. நீடித்த துயரக் கோளாறு என்பது இப்போது மருத்துவம் ஏற்றுக்கொண்ட ஒரு நிலை. உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு அதற்குக் குறைந்தது 6 மாதம் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5-டிஆர் என்ற மனநோய்க் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்றும் கால வரம்பு வைத்திருக்கின்றன. நாள் கணக்கு மட்டுமே நோயாகிவிடாது. 7 மாதத்தில் அழுவது இயல்பு, சொல்லப்போனால் 7 ஆண்டு கழித்து அழுவதும் இயல்பு. கவனிக்க வேண்டியவை வேறு: ஏக்கம் நாள்தோறும் தணியாமல் அப்படியே இருப்பது, இறப்பை நம்பவே முடியாமல் இருப்பது, தன்னில் ஒரு பாதி செத்துவிட்டது என்ற உணர்வு, யாரையும் நெருங்க முடியாமை, அன்றாட வேலைகள் நின்றுபோவது. இதற்கென்றே வகுக்கப்பட்ட, 16 அமர்வுகள் கொண்ட பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. சோதனைகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. எடை குறைந்துகொண்டே போவது, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுவது, எதிலும் சுவையற்றுப் போவது என்றிருந்தால் மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கலாம். ‘நானும் அவரோடு போயிருக்கலாம்’ என்பது போன்ற பேச்சு வந்தால், அதைக் கடந்துபோகாமல், உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருக்கிறது என்றால் அன்றே மருத்துவ உதவி வேண்டும். நாய் அதற்குப் பிறகான பேச்சு.

அப்படி ஒன்றும் இல்லை என்றால், நான் செய்யச் சொல்வது இது. அடுத்த முறை நேரில் போகும்போது, ஒரு நாய் இருந்தால் எப்படி இருக்கும் என்று சாதாரணமாகக் கேளுங்கள். ‘உங்களுக்கு நல்லது’ என்ற சொற்றொடரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ‘வேண்டாம்’ என்று உடனே சொன்னால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நாயே பிடிக்காது என்பதா, தன்னால் முடியாது என்பதா, அல்லது அப்பா இருந்த இடத்தில் வேறொன்று வந்துவிடுமோ என்பதா? கடைசியாகச் சொன்னது நான் அடிக்கடி கேட்பது. சிரிக்கத் தொடங்கினால் இறந்தவருக்குத் துரோகம் செய்வதாக ஆகிவிடுமோ என்ற அச்சத்தின் இன்னொரு வடிவம் அது. அதை வாதிட்டு வெல்ல முயல வேண்டாம். தெரிந்தவர் யாராவது ஊருக்குப் போகும்போது அவர்களுடைய நாயை ஒரு வாரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று அம்மாவிடம் உதவியாகக் கேட்கச் செய்யுங்கள். காப்பகங்கள் சிலவற்றில் நாயைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரிக்கவும் தருகிறார்கள். ஒரு வாரம் கழித்து நாய் திரும்பிப் போகும் அன்று அவர் முகத்தைப் பாருங்கள்; நிம்மதியா, வெறிச்சென்று இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நிம்மதி என்றால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம், அதில் தோல்வி ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்காத இரண்டாவது கேள்விக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும். நாய் வந்த பிறகு அழைப்புகளைக் குறைத்துவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ‘அம்மாவுக்குத்தான் துணை இருக்கிறதே’ என்று அவர்கள் மனம் அவர்களை அறியாமலே கணக்குப் போட்டுவிடுகிறது. உங்கள் அழைப்பில் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்ற ஒரே பதில்தான் கிடைக்கும், அதற்கு மேல் போக அதில் வழியில்லை. அப்பாவின் பெயரைச் சொல்லி ஏதாவது ஒன்றைக் கேளுங்கள், அல்லது அம்மாவிடம் உண்மையிலேயே உங்களுக்குத் தேவைப்படும் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு சமையல் குறிப்பு, ஒரு பழைய கணக்கு, ஒரு முடிவில் அவருடைய கருத்து. நாய் கேட்பதைப் போலவே நீங்களும் கேட்கலாம்; நாயைப் போலத் தினமும் கேட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக, நாயின் ஆயுள் இனத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 10 முதல் 13 ஆண்டுகள். ஐந்து வயது நாயைக் கொண்டுவந்தால், அம்மா 70களில் இருக்கும்போது அதையும் அவர் வழியனுப்ப வேண்டியிருக்கும். அல்லது அவர் மருத்துவமனையில் படுக்க நேர்ந்து, நாய்க்கு வேறு கூரை தேவைப்படும். முதலாவதை யாராலும் தடுக்க முடியாது, அதை மறைக்காமல் பேசிவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், நீங்கள் பேசவில்லை என்றால் தனியாக நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டாவதை உங்களுக்கும் தம்பிக்கும் இடையே இப்போதே முடிவு செய்யுங்கள்: எந்த நிலையிலும் அந்த நாயை ஏற்றுக்கொள்பவர் யார், மருத்துவச் செலவு யாருடையது. முடிவானதும் அம்மாவிடம் சொல்லுங்கள். எனக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ‘வேண்டாம்’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலர் அந்தப் பதில் கிடைத்த அன்றே நாயின் பெயரைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.